செய்த வேலையை மறுபடி செய்யாமல் இருக்க: நிரல்களின் விடைகளைச் சேமித்து வைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடி ஒரு வேலை செய்து வருகிறோம். வர்த்தமானியின் பழைய தமிழ்ப் பக்கங்களை ஸ்கேன் செய்து, டெசரெக்ட் என்ற ஓசிஆர் நிரலால் எழுத்தாக மாற்றி, தேடிப் பார்க்கக்கூடியதாக ஆக்குகிறோம். புதிதாக வந்து சேரும் தம்பி தங்கச்சிமார் முதல் மாதத்தில் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள். ஏன் ஒவ்வொரு முறையும் எல்லாம் முதலிலிருந்து ஓடுகிறது? சில நாட்களில் ஏன் ஓட வேண்டியது ஓடாமல் பழைய விடையே வந்து நிற்கிறது? அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். உதாரணங்கள் எங்கள் வேலையிலிருந்து வருகின்றன. ஆனால் நிரல் எழுதுகிற எவருக்கும் இந்தச் சிக்கல் ஒருநாள் வரும்.

கேஷ் என்று எதைச் சொல்கிறீர்கள்? பிரவுசரில் அழிக்கச் சொல்வார்களே, அதுவா?

அடிப்படை ஒன்றுதான்: ஒருமுறை கிடைத்ததை மறுபடி தேடாமல் இருக்கச் சேமித்து வைக்கும் இடம்தான் கேஷ். பிரவுசர் இறக்கிய படத்தை வைத்துக்கொள்கிறது. நாம் கணக்கிட்ட விடையை வைத்துக்கொள்கிறோம். வீட்டில் கறித்தூள் வறுத்து இடித்து வைப்பதை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கறிக்கும் செத்தல் மிளகாயும் மல்லியும் வறுத்துக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை. ஒருமுறை செய்து போத்தலில் போட்டு, இது மீன் கறிக்கு, இது சரக்குத்தூள் என்று துண்டு ஒட்டி வைக்கிறோம். துண்டு ஒட்டாத போத்தலால்தான் வில்லங்கம் வரும்.

கேஷில் அந்தத் துண்டுக்குக் கீ என்று பெயர். எங்கள் குழுவில் அதைத் திறப்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம், இந்தப் பக்கத்திலும் அப்படியே எழுதுகிறேன். ஒரு வேலைக்குள் போகும் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு திறப்பு செய்கிறோம். அந்தத் திறப்பில் ஏற்கெனவே விடை இருந்தால் அதை எடுத்துக் கொடுக்கிறோம். இல்லாவிட்டால் வேலையைச் செய்து, விடையை அந்தத் திறப்பின் கீழ் வைக்கிறோம். முழு விஷயமும் இவ்வளவுதான். கஷ்டமெல்லாம் "உள்ளே போகும் எல்லாம்" என்ற சொல்லில் இருக்கிறது.

இது புதிய யோசனை இல்லை. எடின்பரோவில் இருந்த டொனால்ட் மிக்கி 1968ஆம் ஆண்டு நேச்சர் இதழில் இதைப் பற்றி எழுதினார். ஒரு செயற்கூறு (நிரலில் ஒரு வேலையைச் செய்யும் பகுதி, ஃபங்ஷன்) தான் முன்பு கண்ட விடைகளைக் குறித்து வைத்துக்கொண்டால், பயன்படுத்தப் பயன்படுத்த அது வேகமாகும் என்பது அவர் சொன்னது. மெமோய்சேஷன் என்ற சொல் அங்கிருந்து வந்ததுதான்.

உண்மையிலேயே அவ்வளவு வித்தியாசம் தெரியுமா?

ஃபிபனாச்சி எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரி, முந்தைய இரண்டையும் கூட்டு என்று தன்னைத் தானே அழைக்கும் செயற்கூறாக எழுதி, 40ஆவது எண்ணைக் கேளுங்கள். அந்தச் செயற்கூறு 331,160,281 முறை அழைக்கப்படும். கண்ட விடையைக் குறித்து வைத்தால் வெறும் 41 விடைகளைக் கணக்கிட்டால் போதும். கணக்கு மாறவில்லை, கணினியும் மாறவில்லை. ஒரே விடையைக் கோடிக்கணக்கான தடவை திரும்பக் கண்டுபிடிப்பதை நிறுத்தினோம், அவ்வளவுதான்.

பைத்தனில் இதற்கு ஒரு வரி போதும். ஃபங்க்டூல்ஸ் நூலகத்தில் எல்ஆர்யூ கேஷ் என்ற அலங்காரி (செயற்கூறின் தலையில் எழுதும் ஒரு வரி) 3.2ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் 128 விடைகளை வைத்துக்கொள்ளும். இடம் நிறைந்ததும் நீண்ட நேரம் தொடப்படாததைத் தள்ளிவிடும். 3.9ஆம் பதிப்பில் எல்லையே இல்லாத கேஷ் ஒன்றும் சேர்ந்தது.

இதை முதன்முதலில் பாவிக்கும்போது எல்லாரும் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. செயற்கூறு ஒரு லிஸ்டைத் திருப்பித் தந்தால், கேஷில் இருப்பதும் உங்கள் கையில் இருப்பதும் ஒரே லிஸ்ட்தான். நீங்கள் அதில் ஒன்றைச் சேர்த்தால் அடுத்த முறை கேட்பவருக்கும் அந்தச் சேர்த்த லிஸ்டே போகும். மாற்ற முடியாத டியூப்பிளாகத் திருப்பிக் கொடுங்கள், அல்லது பிரதி எடுத்துக் கொடுங்கள். அடுத்தது, ஒரு கிளாஸின் மெதடின் மேல் இதைப் போட்டால் அந்தப் பொருளையும் கேஷ் பிடித்து வைத்துக்கொள்ளும். வேலை முடிந்த பிறகும் நினைவகத்திலிருந்து அது போகாது.

எந்த வேலையைச் சேமிக்கலாம், எதைச் சேமிக்கக்கூடாது?

அதே பொருளைக் கொடுத்தால் அதே விடை வர வேண்டும். நேரத்தைப் பார்க்கிற, சீட்டுக் குலுக்குவது போல எண் எடுக்கிற, இணையத்திலோ தரவுத்தளத்திலோ போய்க் கேட்கிற வேலைகள் அப்படி இல்லை. அவற்றை அப்படியே சேமிக்க வேண்டாம். முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்: இணையத்திலிருந்து எடுப்பது ஒரு படி, எடுத்ததைப் பதப்படுத்துவது அடுத்த படி. இரண்டாவது படியைத் தாராளமாகச் சேமிக்கலாம்.

வெளியே ஏதாவது செய்கிற வேலையைத் தொடவே வேண்டாம். எஸ்எம்எஸ் அனுப்புவது, கொடுப்பனவு போடுவது, கோப்பை அழிப்பது போன்றவை. கேஷ் "இதை ஏற்கெனவே செய்தாயிற்று" என்று சொல்லி விடையை மட்டும் நீட்டும், எஸ்எம்எஸ் போகாது.

கரண்ட் போனால் எல்லாம் போய்விடுமா?

நினைவகத்தில் மட்டும் வைத்திருந்தால் போய்விடும். இந்த விஷயத்தை எங்களுக்குச் சொல்லித் தந்தது 2022.

அந்த வருடம் மார்ச் முடிவில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு வந்தது. அப்போது எங்களிடம் கிட்டத்தட்ட 6,000 பக்கங்கள் கையில் இருந்தன. பக்கத்துக்கு 8 விநாடி என்று வைத்தால் 48,000 விநாடி, அதாவது 13 மணி 20 நிமிடம். ஒரு நாளில் மீதி இருந்த 11 மணி நேரத்துக்குள் அது எப்படியும் முடியாது, அதுவும் துண்டு துண்டாக வந்த 11 மணி நேரம். எங்கள் நிரலோ எல்லாப் பக்கத்தையும் வாசித்து முடித்து, கடைசியில் ஒரே கோப்பாக எழுதும்படி இருந்தது. மடிக்கணினியின் பற்றரி தீர்ந்ததும் 2,000 பக்கத்தின் வேலை ஒரு நொடியில் இல்லாமல் போகும். கரண்ட் வந்ததும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கும். மூன்று நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள் இரவு மெழுகுதிரி வெளிச்சத்தில் தாளில் எழுதி நிரலை மாற்றி அமைத்தோம்.

மாற்றம் பெரிதில்லை. ஒவ்வொரு பக்கமும் ஒரு தனி வேலை. ஒவ்வொரு பக்கத்தின் விடையும் முடிந்த கையோடு டிஸ்கில் தனிக் கோப்பாக விழும். மறுபடி ஓடும்போது நிரல் முதலில் டிஸ்கைப் பார்க்கும், இருப்பதைத் தாண்டிப் போகும். அதன் பிறகு கரண்ட் போனால் இழப்பது அப்போது ஓடிக்கொண்டிருந்த அந்த ஒரு பக்கத்தை மட்டும்தான்.

மின்வெட்டுக்காகச் செய்தது இன்றைக்கும் கைகொடுக்கிறது. வர்த்தமானி வெள்ளிக்கிழமை தோறும் வரும், இடையில் அதிவிசேஷமானவையும் வரும். புதிதாக வந்த பக்கங்கள் மட்டும் ஓடுகின்றன. பழைய ஆயிரக்கணக்கானவை அசையாமல் இருக்கின்றன. பைத்தனில் இதைக் கையால் எழுத விருப்பமில்லாதவர்கள் ஜொப்லிப் நூலகத்தின் மெமரி என்ற பகுதியைப் பாருங்கள். செயற்கூறின் விடையை அதுவே டிஸ்கில் வைத்துக்கொள்ளும்.

பாதியில் நின்ற கோப்பு முழுக் கோப்பு மாதிரித் தெரியாதா?

தெரியும், அதனால் நேரடியாக இறுதிப் பெயரில் எழுதக்கூடாது. அதே அடைவில் ஒரு தற்காலிகப் பெயரில் எழுதி முடித்து, கடைசியில் பெயரை மாற்றுங்கள். ஒரே கோப்பு முறைமைக்குள் பெயர் மாற்றம் ஒரே அடியில் நடக்கும். இறுதிப் பெயர் இருந்தால் வேலை முடிந்தது, இல்லாவிட்டால் முடியவில்லை. பைத்தனில் ஓஎஸ் நூலகத்தின் ரிப்ளேஸ் இதற்குத்தான் இருக்கிறது.

அப்படியே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிழைகளைச் சேமிக்காதீர்கள். டிஸ்க் நிறைந்ததால் தோற்ற வேலை நாளைக்கு வெல்லும். தோல்வியைச் சேமித்தால் அது என்றைக்கும் தோல்வியாகவே இருக்கும்.

திறப்பில் எதையெல்லாம் சேர்க்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் வாசிப்பீர்கள் என்றால், இதை வாசியுங்கள்.

விடையை மாற்றக்கூடிய எல்லாம் திறப்பில் இருக்க வேண்டும். நாங்கள் முதலில் செய்த திறப்பு கோப்பின் பெயர். பக்கம் 112, அவ்வளவுதான். அந்தப் பக்கத்தை ஒருவர் தெளிவாக மறுபடி ஸ்கேன் செய்து அதே பெயரில் வைத்தபோது, பழைய மங்கலான பக்கத்தின் எழுத்தே வந்துகொண்டிருந்தது. சரி, பெயர் போதாது, உள்ளடக்கம் வேண்டும் என்று புரிந்தது. கோப்பின் பைட்டுகளை ஷா-256 என்ற ஹாஷ் முறை (உள்ளடக்கத்திலிருந்து கைரேகை போல ஒரு சரத்தைக் கணக்கிடுவது) வழியாக விட்டு, வரும் 64 எழுத்துச் சரத்தைத் திறப்பில் வைத்தோம். பெயரை மாற்றினாலும் பரவாயில்லை. ஒரு புள்ளி மாறினால்கூடத் திறப்பு முழுவதும் மாறிவிடும்.

அப்புறம் வந்தது இதைவிட மோசமானது. டெசரெக்டுக்குத் தமிழ் மொழிக் கோப்பு ஒன்றுக்கு மேல் இருக்கிறது: வேகமானது ஒன்று, திருத்தமானது ஒன்று. வேகமானதைத்தான் முதலில் பாவித்தோம். அதில் 'ண'வும் 'ன'வும் மாறி மாறி விழுந்துகொண்டிருந்தன. திருத்தமானதை இறக்கி, அதே இடத்தில், அதே பெயரில் வைத்தோம். ஓடவிட்டோம். எல்லாப் பக்கமும் சில விநாடிகளில் முடிந்தது, பிழைகள் அப்படியே இருந்தன. புதிய மொழிக் கோப்பும் தமிழுக்குச் சரியில்லை என்று இரண்டு நாள் நம்பிக்கொண்டிருந்தோம். குழுவிலுள்ள ஒரு தங்கச்சி ஒரு பக்கத்தை மட்டும் தனியாக, கேஷ் இல்லாமல் ஓட்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது: புதிய கோப்பு ஒரு தடவைகூட ஓடவே இல்லை. படம் மாறவில்லை, அதனால் திறப்பு மாறவில்லை, அதனால் பழைய விடை.

மெதுவாக ஓடும் நிரல் நேரத்தை மட்டும்தான் எடுக்கும். தவறான கேஷ் பிழையான முடிவுக்கு நம்மைக் கூட்டிப் போகும், அதுவும் மிக வேகமாக. அந்த இரண்டு நாளை நான் இன்றும் மறக்கவில்லை.

இப்போது எங்கள் திறப்பில் இருப்பவை: படத்தின் ஷா-256, மொழிக் கோப்பின் ஷா-256, டெசரெக்டின் பதிப்பு எண், நாங்கள் கொடுக்கும் அமைப்புகள், கூடவே நாங்களே கையால் கூட்டும் ஒரு எண். அந்தக் கடைசி எண் எங்கள் சொந்த நிரலுக்கானது. வரிகளை ஒழுங்குபடுத்தும் பகுதியை மாற்றினால் 7ஐ 8 ஆக்குவோம். நிரலின் மூலத்தையே ஹாஷ் செய்யலாமே என்று கேட்பார்கள். செய்யலாம். ஆனால் ஒரு குறிப்புரையைத் திருத்தினாலும் எல்லாம் மறுபடி ஓடும். அந்தச் செயற்கூறு அழைக்கும் இன்னொரு செயற்கூறு மாறினாலோ தெரியவே தெரியாது. கையால் கூட்டும் எண்ணை மறந்துவிடும் ஆபத்து இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அதனால் நிரலின் அந்தப் பகுதியைத் தொட்டிருந்தால் எண் கூடியிருக்கிறதா என்று மற்றவர் பார்த்த பிறகுதான் சேர்க்கிறோம்.

அமைப்புகளைத் திறப்பில் சேர்க்கும்போது வரிசை முக்கியம். ஜேசன் என்ற எழுத்து வடிவத்தில் எழுதுகிறீர்கள் என்றால் பெயர்களை அகரவரிசைப்படுத்தி எழுதச் சொல்லுங்கள். அல்லாவிட்டால் அதே அமைப்புகள் வேறு வரிசையில் வந்து வேறு திறப்பாகிவிடும். இது பிழையான விடை தராது, வீணாக மறுபடி ஓடும்.

பைத்தனில் ஹாஷ் என்றே ஒரு செயற்கூறு இருக்கிறதே, அதைப் பாவிக்கக்கூடாதா?

கூடாது. 3.3ஆம் பதிப்பிலிருந்து எழுத்துச் சரங்களுக்கு அது தரும் எண் ஒவ்வொரு முறை பைத்தனைத் தொடங்கும்போதும் மாறும். பாதுகாப்புக்காக வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். நினைவகத்துக்குள் அது சரி, டிஸ்கில் வைக்கும் திறப்புக்கு உதவாது. ஹாஷ்லிப்பில் இருக்கும் ஷா-256ஐ எடுங்கள். இரண்டு வேறு கோப்புக்கு ஒரே விடை வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், சாத்தியமான விடைகளின் எண்ணிக்கை 78 இலக்கம் கொண்டது.

தமிழ்ச் சொல்லைத் திறப்பாக வைத்தேன். இருக்கிற விடையையே கண்டுபிடிக்கவில்லை. ஏன்?

இதை நல்ல கேள்வி என்று சொல்வேன், ஏனென்றால் இதன் பதிலை ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாடங்களில் தேடினால் இலகுவில் அகப்படாது.

'கொழும்பு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுத முடியும். 'க'வும் ஒகரக் குறியும் என்று இரண்டு குறியீடாக எழுதலாம். அல்லது 'க', எகரக் கொம்பு, பின்னால் வரும் கால் என்று மூன்று குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சொட்டாக ஒன்றுதான். பைத்தனிடம் நீளம் கேட்டால் முதலாவது 8 என்று சொல்லும், இரண்டாவது 9 என்று சொல்லும். யூடிஎஃப்-8இல் 24 பைட், 27 பைட். ஷா-256க்கு இவை இரண்டும் சம்பந்தமே இல்லாத இரண்டு சொற்கள்.

எந்தக் கீபோர்ட் எதைத் தட்டும் என்று நாம் சொல்ல முடியாது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் மூன்று குறியீட்டு வடிவம் வரும். அதனால் எந்தத் தமிழ் எழுத்தையும் திறப்பில் சேர்க்கும் முன் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். பைத்தனில் யூனிகோட்டேட்டா நூலகத்தின் நார்மலைஸ் அதைச் செய்யும். சிங்களத்திலும் கொழும்பு 'கொ'வில்தான் தொடங்குகிறது, அங்கும் இதே கதைதான். மூன்று மொழியிலும் ஊர்ப்பெயர் பட்டியல் வைத்திருக்கும் எவரும் இதைச் செய்தே ஆக வேண்டும்.

தேதியைத் திறப்பில் வைக்கலாமா?

நாளுக்கு ஒருமுறை மாறும் தரவுக்கு வைக்கலாம், நாணய மாற்று விகிதம் போல. ஆனால் எந்த ஊரின் தேதி என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேகத்தில் இருக்கும் சேவர்கள் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். கொழும்பு அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். நீங்கள் காலை 5 மணிக்கு எழும்பி "இன்றைய" அறிக்கையை எடுத்தால், அங்கே இன்னும் நேற்று இரவு 11.30. நேற்றைய திறப்பு, நேற்றைய விடை. காலை ஐந்தரை மணி கழிந்து ஓட்டினால் சரியாக வரும், அதனால் பிழையைப் பிடிப்பதும் கஷ்டம். நேர வலயத்தை ஆசியா/கொழும்பு என்று பெயரால் குறிப்பிடுங்கள். ஐந்தரை என்று எண்ணால் எழுத வேண்டாம். 1996 மே முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கையின் நேரம் வேறாக இருந்தது, பழைய தரவோடு வேலை செய்பவர்களுக்கு அது இடிக்கும்.

கோப்பு கடைசியாக மாறிய நேரத்தைப் பார்த்தால் போதாதா? ஹாஷ் செய்ய நேரம் எடுக்குமே?

மேக் என்ற கருவி அப்படித்தான் செய்கிறது. பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் எழுதியது, இன்றைக்கும் உலகம் முழுக்க ஓடுகிறது. விடைக் கோப்பைவிட மூலக் கோப்பு புதியதாக இருந்தால் மறுபடி செய், இல்லாவிட்டால் விடு. எளிமையானது, வேகமானது, ஒரே கணினியில் ஒருவர் வேலை செய்தால் நன்றாகவே ஒத்துழைக்கும்.

கோப்புகள் ஊர் சுற்றத் தொடங்கியதும் சிக்கல். கோப்புகளின் பதிப்புகளைக் காத்து வைக்கும் கிட்டில் ஒரு களஞ்சியத்தைப் புதிதாக இறக்கினால் எல்லாக் கோப்புக்கும் இறக்கிய நேரம்தான் விழும். ஒன்றும் மாறாமலே எல்லாம் புதியதாகத் தெரியும். பென் டிரைவ்களில் இருக்கும் ஃபேட் முறைமை நேரத்தை 2 விநாடிக்கு ஒருமுறைதான் குறிக்கும், அந்த இடைவெளிக்குள் நடந்த மாற்றம் கண்ணில் படாது. நாங்கள் ஸ்கேன் கோப்புகளைக் கொட்டாஞ்சேனையிலிருந்தும் தெஹிவளையிலிருந்தும் பென் டிரைவில் கொண்டுவருபவர்கள். எங்களுக்கு ஹாஷ் தவிர வழியில்லை. ஒரு பக்கத்தை ஹாஷ் செய்யும் நேரம் ஓசிஆர் நேரத்தோடு ஒப்பிட்டால் கணக்கில் எடுக்கவே தேவையில்லை.

அலுவலகத்தில் பில்டுக்கு (மூல நிரலை ஓடக்கூடியதாகக் கட்டுவதற்கு) இருபது நிமிடம் போகிறது. இதெல்லாம் அங்கே பொருந்துமா?

அங்கேதான் இன்னும் நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் திறப்புச் செய்யும் வேலையைக் கருவிகளே செய்து வைத்திருக்கின்றன.

சியிலோ சி++இலோ எழுதுபவர்கள் சிகேஷைப் பாருங்கள். அன்ட்ரூ ட்ரிட்ஜெல் தொடங்கியது. கம்பைலருக்குப் போகும் மூலத்தையும் அமைப்புகளையும் ஹாஷ் செய்து, முன்பு செய்த விடை இருந்தால் எடுத்துக் கொடுக்கும். கோ மொழியில் 1.10ஆம் பதிப்பிலிருந்து சோதனைகளின் விடையும் சேமிக்கப்படுகிறது. ஒன்றும் மாறாத சோதனைக்குப் பக்கத்தில் கேஷிலிருந்து வந்தது என்று அச்சிடும். கட்டாயம் ஓட வேண்டும் என்றால் கவுண்ட் அமைப்பை 1 என்று கொடுங்கள். கூகுள் 2015இல் வெளியிட்ட பேசல் என்ற பில்ட் கருவி இதையே முழு நிறுவனத்துக்கும் செய்யும், ஆனால் சின்னக் குழுவுக்கு அது அதிகம் என்று நினைக்கிறேன்.

நிரலையும் அதற்கு வேண்டிய நூலகங்களையும் ஒரே பொதியாகக் கட்டும் டொக்கரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மொபைல் டேட்டாவில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு அது நேரடியாகக் காசு. டொக்கர் கோப்பின் ஒவ்வொரு கட்டளையும் ஒரு அடுக்கு. ஒரு அடுக்கு மாறினால் அதற்குக் கீழே வரும் எல்லா அடுக்கும் மறுபடி செய்யப்படும். பலர் முதலில் முழு அடைவையும் பிரதி செய்துவிட்டு, பிறகு பைத்தனின் பிப் கருவியால் நூலகங்களை இறக்குகிறார்கள். ஒரு வரி நிரலைத் திருத்தினால் முதல் அடுக்கு மாறும், நூலகங்கள் எல்லாம் மறுபடி இறங்கும். முதலில் தேவைப்பட்டியல் கோப்பை மட்டும் பிரதி செய்யுங்கள், பிறகு இறக்குங்கள், அதற்குப் பிறகுதான் மிச்ச நிரல். இரண்டு வரியை இடம் மாற்றுவதுதான். நூலகப் பட்டியல் மாறாத வரை எதுவும் இறங்காது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பிரதி செய்யும் கட்டளைக்கு, பிரதியாகும் கோப்புகளின் உள்ளடக்கத்தை டொக்கர் பார்க்கும். ஓட்டும் கட்டளைக்கு அந்தக் கட்டளையின் எழுத்தை மட்டும்தான் பார்க்கும். அதனால் மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்கும் ஆப்ட்-கெட் அப்டேட் என்ற வரி மாதக்கணக்கில் அதே அடுக்காக இருக்கும், உலகம் மாறியது அதற்குத் தெரியாது. பாதுகாப்புத் திருத்தங்கள் வேண்டும் என்றால் அவ்வப்போது கேஷ் இல்லாமல் கட்டுங்கள்.

சேமித்ததை எப்போது அழிப்பது?

எப்போது வேண்டுமானாலும். கேஷ் அடைவை முழுவதுமாக அழித்தால் நேரம் மட்டும்தான் போக வேண்டும். அழிக்கப் பயமாக இருந்தால் அதற்குள் கேஷ் இல்லாத ஏதோ இருக்கிறது. எங்களிடமும் இருந்தது: ஒருவர் கையால் திருத்திய எழுத்துகளை ஓசிஆர் விடைக் கோப்பின் மேலேயே சேமித்திருந்தார். அது மறுபடி செய்ய முடியாத உழைப்பு. இப்போது திருத்தங்கள் தனி அடைவில், கிட்டில் இருக்கின்றன.

என் கேஷை மற்றவர்களோடு பகிரலாமா?

பகிரலாம், பகிரவும் வேண்டும். ஒருவர் ஓட்டிய பக்கத்தை மற்றவர் ஏன் ஓட்ட வேண்டும்? ஆனால் பைத்தனின் பிக்கிள் வடிவத்தில் பகிராதீர்கள். பிக்கிள் கோப்பைத் திறப்பது அதற்குள் இருக்கும் கட்டளையை ஓட்டுவதற்குச் சமம். தெரியாதவர் தந்த கோப்பு என்றால் ஆபத்து. வெறும் எழுத்தாகவோ ஜேசனாகவோ வையுங்கள்.

தனிப்பட்ட தகவல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அடையாள அட்டை இலக்கம், வைத்திய அறிக்கை போன்றவற்றிலிருந்து கணக்கிட்ட விடையிலும் அந்தத் தகவல் இருக்கும். மூலத்தை அழித்துவிட்டு கேஷை மறந்துவிட்டால் அழித்ததாகாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றி அலுவலகத்தில் பேசும்போது இந்த அடைவையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

எல்லாச் செயற்கூறுக்கும் போட்டுவிடட்டுமா அக்கா?

வேண்டாம் தம்பி. முதலில் அளந்து பாருங்கள். அரை விநாடியில் முடிகிற வேலைக்குக் கேஷ் போட்டால் கிடைப்பது அரை விநாடி, கூடவே ஒரு புதிய பிழை வரும் வழி. நிமிடக்கணக்கில் போவது எது என்று பார்த்து, அந்த ஒன்றுக்குப் போடுங்கள்.

சேமித்த விடை இன்னும் சரிதான் என்று எப்படி நம்புவது?

நம்பாமல் சோதித்துப் பாருங்கள். நாங்கள் மாதத்துக்கு ஒருமுறை சீட்டெடுத்து 20 பக்கங்களைக் கேஷ் இல்லாமல் ஓட்டுகிறோம். புது விடையையும் வைத்திருக்கும் விடையையும் பைட் பைட்டாக ஒப்பிடுகிறோம். பல மாதங்கள் இருபதும் ஒத்து வந்தன. போன முறை மூன்று பக்கம் ஒத்து வரவில்லை. திறப்பில் இருந்த எல்லாம் சரியாகத்தான் இருந்தது: படம், மொழிக் கோப்பு, டெசரெக்டின் பதிப்பு, எங்கள் எண். கடைசியில் பார்த்தால், சோதனை ஓடியது ஒரு புது மடிக்கணினியில். டெசரெக்ட் படங்களைக் கையாள லெப்டோனிகா என்ற நூலகத்தை நம்பியிருக்கிறது, அந்தக் கணினியில் அதன் பதிப்பு வேறு. சில இடங்களில் கறுப்பு வெள்ளையாக்கும் எல்லை இம்மியளவு மாறி, மூன்று பக்கத்திலும் ஒவ்வொரு ஒற்றுப்புள்ளி விடுபட்டிருந்தது. அன்றைக்கே லெப்டோனிகாவின் பதிப்பையும் திறப்பில் சேர்த்து, எல்லாப் பக்கங்களையும் ஒருமுறை மறுபடி ஓடவிட்டோம். திங்கட்கிழமை காலை முடிந்திருந்தது.